பூட்டிய அறைக்குள் அணில்கள்

மழைக்காலத்தில் மகள் காய்ச்சலில் இறந்த பிறகு, அந்த வீட்டில் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மருமகன் வெல்டர், கல்யாணமானதிலிருந்தே வயல்களுக்கு நடுவிலிருந்த இந்த வீட்டோடு இருந்தவன். ஒரே கூரையின் கீழ் எண்ணெயும் தண்ணீருமாக இருந்தார்கள். எது சொல்ல வேண்டுமானாலும் மாமியார் வழியாகத்தான்.

அணில்கள்தான் வாய் ஓயாமல் கத்தின. தக்காளியை ஒரு கடி கடித்து உருட்டிவிட்டன, மோட்டார் வயரைக் கொறித்தன. மாமனார் கம்போடு ஓடினால் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டு வாலை ஆட்டின.

"அணிலை ஏற விட்ட நாய்க்குக் கழுத்து வலிதான் மிச்சம். உள்ள வாங்க," என்பாள் மாமியார்.

ஒருநாள் காலையில் மகளின் அறையிலிருந்து கருகல் வாடை வந்தது. மாமனார் ஓடிப்போய் மெயினை அணைத்தார். காரியம் முடிந்த கையோடு மாமியார் பூட்டிய அறை அது. அதன் பிறகு யாரும் திறக்கவில்லை.

"எல்லாம் அந்த அணில் வேலை. விஷம் வச்சிடலாம்னு அவர்கிட்ட சொல்லு."

"விஷம் வச்சா உள்ளயே செத்து நாறும்னு மாமாகிட்ட சொல்லுங்க அத்தை. எந்த வழியா வருதுன்னு பாத்து அடைக்கணும்."

மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல? இனிமே என்னால முடியாது." சாவியை மருமகன் கையில் வைத்துவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அறையில் தூசி படிந்திருந்தது. மேல் ஜன்னலின் வலை கிழிந்து தொங்கியது. கொய்யாக் கிளை அதைத் தொடுகிற மாதிரி நீண்டிருந்தது. அதன் கீழே ஓடிய வயர் கடிபட்டுக் கருத்திருந்தது. அலமாரிக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. மேல்தட்டில், துணிகளுக்கு நடுவே ஒரு கூடு. தலையணைப் பஞ்சு, காய்ந்த புல், பச்சைக் கம்பளி நூல். குட்டிகள் வளர்ந்து போய்விட்டிருந்தன, கூடு காலி.

மாமனார் பச்சை ஸ்வெட்டரை எடுத்தார். கழுத்தும் ஒரு கையும்தான் மீதி இருந்தன.

"முதல் சம்பளத்துல அவளே வாங்கினது," என்று கட்டிலில் உட்கார்ந்தார். தலை நிமிராமலே கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல?"

இந்தக் கேள்விக்கான பதிலை அவன் மனத்துக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருந்தான்.

"கூப்பிட்டேன் மாமா. காலையில போய்க்கலாம்னா. நெத்தியத் தொட்டுப் பாத்தேன், குறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. தூங்கிட்டேன்."

"தூங்கிட்டீங்களா."

"ஆமா."

"சின்ன வயசுலயே ஊசின்னா ஓடுவா. அலற அலறத் தூக்கிட்டுத்தான் போவேன்." ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டார். "தூக்கிட்டுப் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம் மாமா."

அவன் சுவரில் சாய்ந்து அழுதான். அவர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. அழுது முடியும்வரை உடன் இருந்தார்.

பிறகு வேலையைப் பார்த்தார்கள். அவன் கம்பி வலையை அளந்து வெட்டிச் சட்டத்தில் வெல்டிங் வைத்தான். உள்ளே ஒரு அணிலும் இல்லை என்று பரண்வரை தேடிய பிறகே ஜன்னலில் பொருத்தினான். மாமனார் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார். கிளையை வெட்டினார்கள், வயரை மாற்றினார்கள். மாமியார் தானாகவே உள்ளே வந்து, கடிபடாத துணிகளை உதறி மடித்தாள். தங்கை மகளுக்கு ஆகும் என்றாள். அந்த ஸ்வெட்டரை மட்டும் யார் எடுத்து வைத்தார்கள் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் மருமகனுக்கு டவுனில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. மாமனார் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வந்தார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க."

"வரேன் மாமா."

பெரும்பாலும் வந்தான். ஒரு ஞாயிறு வரவில்லை. அன்று மாலை மாமனாரே போன் போட்டு, ஏன் வரவில்லை என்று கேட்டார்.