மாடிக்காரரின் முட்டை டப்பா

கீழே நிற்பவர்கள் எறும்பு அளவுக்குத் தெரியும் உயரத்தில் உட்கார்ந்து ஒருவர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். கட்டட வேலை நடக்கும் அந்த இடத்தில் கிரேன் ஓட்டுபவர் அவர்தான். கண்ணாடிக் கேபினுக்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், ஒரு வாக்கி-டாக்கி, அவருடைய சாப்பாட்டு டப்பா, ஒரு தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான் உலகம். எல்லாரும் அவரை ‘மாடிக்காரர்’ என்பார்கள். “ஆளு இருக்கிறது உச்சியில, ஆனா மேல்மாடி காலி!” என்று கம்பி கட்டுகிறவர்கள் கிண்டல் செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். நல்ல மனுஷன்.

டப்பாவில் அவித்த முட்டைகள் மட்டும்தான். காய் கிடையாது, பழம் கிடையாது. தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூடத் திறந்திருக்க மாட்டார். ஏனென்று கேட்டால் அவரிடம் பெரிய கணக்கே இருந்தது. காய் தின்றால் வயிறு கலகலக்கும், தண்ணீர் குடித்தால் அடிக்கடி போகவேண்டி வரும், போகவேண்டுமென்றால் அத்தனை ஏணியும் இறங்கி ஏற வேண்டும். முட்டையோ வயிற்றைக் கட்டிப் போட்டுவிடும்! வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிழைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் நிஜமாகவே வயிற்றைக் கட்டினார்.

அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஒருமுறை அவசரத்துக்கு இறங்கியபோது இன்ஜினியர் முகத்தைச் சுளித்தார். “நீங்க ஒரு தடவை இறங்கி ஏறினா, கீழ அத்தனை பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். பாத்துக்கோங்க.” அந்த வார்த்தை மாடிக்காரரைச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதன் பிறகு சாயங்காலம் வேலை முடியும்வரை அவர் இறங்கியதே இல்லை.

வீட்டில் மனைவி ஓயாமல் கேட்டாள். “ஏங்க, வெறும் முட்டையா தின்னுட்டு இருக்கீங்க? வயிறு கல்லு மாதிரி இருக்குன்னு ராத்திரியெல்லாம் பொரள்றீங்க. டாக்டர்கிட்டப் போனா என்ன?”

“எதுக்கு? மோஷன் போகலைன்னு ஊரறியச் சொல்லவா? மானம் போயிடும்டி.”

மானம்தான் போகும், மற்றது எதுவும் போகாது என்று அவள் முணுமுணுத்தாள். சிரிப்பு வந்தது அவருக்கு. ஆனால் வயிறு வலித்ததால் சிரிக்க முடியவில்லை.

ஒரு நாள் மதியம் கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கி நகர்த்திக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் யாரோ முறுக்கிப் பிழிந்ததுபோல வலி வந்தது. வேர்த்துக் கொட்டியது. கண் இருட்டியது. கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்குகிறது, அதற்குச் சற்றுத் தள்ளிக் கீழே கலவை கொட்டுகிறவர்கள். கை நழுவினால் என்ன ஆகும் என்று நினைத்ததும் அவருக்கு உயிரே போய்விட்டது.

கீழே இருந்து வாக்கி-டாக்கியில் அவருக்கு வழி சொல்கிறவள் ஒரு பெண். கழுத்தில் விசில் தொங்குவதால் எல்லாருக்கும் அவள் விசிலக்கா. மாடிக்காரரின் முனகல் அவள் காதில் விழுந்தது. ஒரு கேள்வி கேட்கவில்லை. விசிலை ஊதிக் கீழே இருந்தவர்களை எல்லாம் விரட்டினாள். பிறகு, குழந்தைக்கு நடை பழக்குகிற குரலில் சொன்னாள்.

“அண்ணே, நான் இருக்கேன். கீழ யாரும் இல்ல. மெதுவா இடது பக்கம்… போதும். இப்ப இறக்குங்க. இன்னும் கொஞ்சம் இறக்குங்க.”

கம்பிக் கட்டு தரையைத் தொட்டது. அவர் மூச்சு விட்டார்.

“இறங்குங்க அண்ணே.”

“இறக்கியாச்சும்மா!” என்றார் அவர் பதறி.

“ஐயோ, லோடு இல்லண்ணே. நீங்க. நீங்க இறங்குங்க. அவசரமே இல்ல, துணைக்கு ரெண்டு பேரு மேல வர்றாங்க.”

இத்தனை வருஷமாக அந்தக் கருவியில் ‘ஏத்துங்க’, ‘இறக்குங்க’ கேட்டிருக்கிறார். ‘இறங்குங்க’ என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த வலியிலும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். “பயப்படாதீங்க. குடல்ல எல்லாம் இறுகிப்போய் நிக்குது, மருந்துல சரியாயிடும். என்ன சாப்பிடுறீங்க?”

மனைவி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள்.

“முட்டை நல்ல சாப்பாடுதான்,” என்றார் டாக்டரம்மா. “சிலருக்கு ஒத்துக்காது, வயிறு உப்பும், வாந்தி வரும். உங்களுக்கு அது இல்ல. ஆனா முட்டையில நார்ச்சத்துன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. காய், பழம், தண்ணி எதுவும் இல்லாம அதையே தின்னு, வந்ததையும் அடக்கி வச்சா குடல் என்னங்க பண்ணும்? முட்டை சாப்பிடுங்க. கூடவே மத்ததும் சாப்பிடுங்க. வந்தா போங்க.”

மருந்து வேலை செய்தது. வயிறு லேசான அன்று மாடிக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும். நீ இருக்கப் போய்த்தான் நான் இருக்கேன்,” என்றார். அவள், “முதல்ல இந்தப் பழத்தத் தின்னுங்க,” என்றாள்.

வேலைக்குத் திரும்பிய நாள், காலைக் கூட்டத்தில் அவர் முன்னால் வந்து நின்றார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். முட்டைக் கதை, மலச்சிக்கல் எல்லாமே. சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. விசிலக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். “என் தங்கச்சி அன்னிக்கு என் வயித்துல பால வார்த்தா. எத்தனை குடும்பம் அவளுக்கு நன்றி சொல்லணுமோ! நல்லா இரும்மா.”

விசிலக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். “நானும் அதே தப்பத்தாண்ணே பண்றேன். பொம்பளைங்களுக்கு இங்க பக்கத்துல கக்கூஸ் இல்ல. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல.”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். இன்ஜினியரின் முகம் வெளிறியது. “ஏம்மா, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“எப்படி சார் சொல்றது? இப்ப அண்ணன் சொன்னதக் கேட்டுத்தான் எனக்கு வாயே வந்துச்சு.”

இன்ஜினியர் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினார். “தப்பு என்மேலதான்,” என்றார். “இந்த வாரமே கட்டித் தர்றேன். அதுவரைக்கும் ஆபீஸ்ல இருக்கிறத எல்லாரும் பயன்படுத்துங்க. மாடிக்காரரே, நீங்க எப்ப வேணாலும் இறங்கலாம். வேலை நிக்கட்டும், பரவாயில்ல.”

“ரொம்ப நன்றி சார்,” என்றார் மாடிக்காரர். பிறகு எல்லார் பக்கமும் திரும்பினார்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். பாவம், முட்டை மேல பழியப் போடாதீங்க, அது எனக்குச் செரிச்சுது. வயித்தப் பத்திப் பேசக் கூச்சப்பட்டோம் பாருங்க, அதுதான் நமக்குச் செரிக்காமப் போச்சு.”