முதலில் வந்த பக்கம்

அலுவலகத்தில் அவனுக்கு நம்பர் ஒன் என்று பெயர். எந்தக் கடையின் இணையப் பக்கமானாலும் தேடுபொறியில் முதல் இடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துவிடுவான் என்பதால் கூட்டாளிகள் வைத்தது. பாதி பாராட்டு, பாதி கிண்டல். அவன் காதில் மட்டும் முழுக்கப் பாராட்டாகவே விழுந்தது. தலைக்கனம் ஏறாமல் இருக்குமா?

வேலை ஒன்றும் பெரிய மாயவித்தை இல்லை. பக்கத்துக்கு நறுக்கென்று ஒரு தலைப்பு வேண்டும். பயந்துபோன மனிதன் என்ன சொல்லித் தேடுவானோ, அதே சொற்கள் அதில் இருக்க வேண்டும். பிறகு மற்றத் தளங்கள் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். இத்தனை பேர் கைகாட்டுகிறார்களே, ஏதோ விஷயம் இருக்கும் என்று தேடுபொறி நம்பி மேலே ஏற்றிவிடும். கைகாட்டிய அத்தனை பேரும் நம்பர் ஒன் போட்ட வேஷம் என்று அதற்கு எப்படித் தெரியும்? சமையல் குறிப்புத் தளம், நாய் வளர்ப்புத் தளம், வாடகை வீட்டுத் தளம் எல்லாவற்றையும் ஒரு கண் வைத்திய நிலையத்துக்குச் சாட்சி சொல்ல வைத்த புண்ணியவான் அவன். அந்தப் பக்கத்துக்கு அவன் வைத்த தலைப்பு, "அறுவை சிகிச்சை இல்லாமல் கண்பார்வை திரும்பும்". அந்த நிலையத்தின் வாசலைக்கூட அவன் மிதித்ததில்லை.

அவனுடைய அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களில் இருண்டுகொண்டே வந்திருக்கிறது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மனிதர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தாமாகவே போனில் தேடி, முதலில் வந்த இடத்துக்குப் போய்விட்டார். அவர்கள் கொடுத்த சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொண்டிருந்தபோதே இடது கண் போய்விட்டது. போனது போனதுதான், வலது கண்ணையாவது காப்பாற்ற வேண்டுமானால் உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று பெரிய மருத்துவமனை டாக்டர் சொல்லிவிட்டார். மாமா முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

இதையெல்லாம் அக்கா போனில் அழுதுகொண்டே சொன்னாள். நிலையத்தின் பெயரைக் கேட்டதும் அது தான் முதலிடத்தில் ஏற்றிவைத்த அதே இடம் என்று நம்பர் ஒன்னுக்குத் தெரிந்துவிட்டது. நேராக மேலாளரிடம் ஓடினான்.

"சார், அந்தக் கண் பக்கத்தை எடுத்துடணும். ஊரை ஏமாத்தறாங்க சார்."

"நாம போர்டு எழுதறவங்கப்பா. கடைக்குள்ள என்ன விக்கறாங்கன்னு நமக்கெதுக்கு?"

வேலையை உதறிவிட்டு வெளியே வந்தான். தேடுபொறிக்காரர்களுக்குப் புகார் எழுதினான், சத்தமே இல்லை. இணைப்புகளை எடுக்கலாமென்றால் அந்தத் தளங்களின் சாவியெல்லாம் அலுவலகத்தின் கையில். கடைசியில் தானே ஒரு பக்கம் எழுதி, அங்கே போனால் பார்வை போய்விடும் என்று தலைப்பு வைத்துப் போட்டான். உண்மைக்குக் கைகாட்ட ஒரு நாய் வளர்ப்புத் தளம்கூட வரவில்லை. பழைய பக்கம் அசையாமல் முதலிடத்திலேயே நின்றது. அவன் வேலை அவ்வளவு சுத்தம்.

மாமா சம்மதிக்காமலே அக்கா ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டிருந்தாள்; அதற்கு முந்தின நாள் அவள் வீட்டுக்குப் போனான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, போனை வலது கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் மாமா.

"மாமா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். அந்த வைத்திய நிலையத்துல சொல்றதெல்லாம் பொய். நானே எழுதிப் போட்டிருக்கேன், பாருங்க."

"தேடித் தேடிப் பார்த்துட்டேன், உன்னோடது எங்கயுமே இல்லையேடா. அவங்களோடதுதான் எப்பவும் மேல நிக்குது. பொய்யா இருந்தா விட்டு வைப்பாங்களா? எத்தனை பேர் சொல்லியிருக்காங்க!"

"அந்த எத்தனை பேரும் நான்தான் மாமா. அந்தத் தலைப்பும் நான் எழுதினது. அந்த இடத்தை நான் பார்த்ததுகூட இல்ல."

கதவருகே நின்ற அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னத்தில் ஓர் அறை விழும் என்று அவன் எதிர்பார்த்தான். விழ வேண்டும் என்றே ஆசைப்பட்டான். ஆனால் மாமாவின் முகம் மலர்ந்தது. அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

"நீயா எழுதின? இதை ஏன்டா முன்னாடியே சொல்லல? யாரோ எவனோ எழுதினதுன்னுதான் எனக்கும் உள்ளுக்குள்ள உதறல். நம்ம வீட்டுப் பிள்ளை எழுதினதுன்னா அப்புறம் என்ன?"

"ஐயோ, பொய் மாமா! சத்தியமா பொய்!" என்று காலைப் பிடித்துக்கொண்டான்.

மாமா அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். "அந்த டாக்டர் நம்ம பிள்ளையை நல்லா மிரட்டி வச்சிருக்கார்," என்றார் அக்காவிடம். "நாளைக்கு வரலைன்னு போன் பண்ணிடு."

அக்கா போனை எடுக்கவில்லை. அந்த வீட்டில் அவன் சொன்னதை நம்பியவள் அவள் ஒருத்திதான். யாரோ அந்நியன் உள்ளே நுழைந்துவிட்டதைப் போல அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா தலையணைக்குப் பக்கத்தில் துழாவி, சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"நானே விட்டா பாதி கன்னத்துல வழிஞ்சிடுது. நீயே விடு."

தலையை அண்ணாந்து, இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கண்ணை அகலத் திறந்து காத்திருந்தார்.