இரண்டாவது கோடிப்புடவை

இருசப்பன் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, புதுப்புடவையை உதறி, அக்காவின் தோளில் போர்த்தப் போனபோது வள்ளி அதை ஒரு கையால் தடுத்து, "மடிச்சு வை" என்றாள்.

வள்ளியின் மகள் கஸ்தூரி சமையலறைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இருசப்பன் மாமா சரியாகக் காதில் வாங்கவில்லை போலும், மறுபடியும் புடவையை நீட்டினார். அம்மா மறுபடியும் தள்ளினாள்.

"என்னக்கா, கலரு புடிக்கலையா? கீழ்பென்னாத்தூர்ல காலங்காத்தால கடைக்காரன எழுப்பி எடுத்தாந்தேன். இருந்ததுல இதான் நல்லது."

"கலருக்கு என்னடா, நல்லாத்தான் இருக்குது. நீதான் ஏற்கெனவே போட்டுட்டியே. ஒரே புருஷனுக்கு எத்தன தடவ கோடி போடுவ?"

அழுதுகொண்டிருந்த பெண்கள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடிப்புடவையைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். அது தோளில் விழுந்த பிறகுதான் பிணத்தைத் தூக்குவார்கள். வாசலில் பாடைக்குப் பூ கட்டி முடித்தாயிற்று. பேரப்பிள்ளைகளின் கையில் நெய்ப்பந்தத்தைக் கொடுத்து வரிசையாக நிறுத்தியாயிற்று. எழுபது வயதில், ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போன சாவு. கல்யாணச் சாவு என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். மேளக்காரர்களும் அந்த உற்சாகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கஸ்தூரியின் அப்பா சகாதேவன் நேற்று மத்தியானம் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் தருமனிடம் சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தார். வழக்கம்போலத் தன்னுடைய வெளிதேசப் பயணத்தைச் சொல்ல ஆரம்பித்தார். துருக்கிக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. தருமன் மறுகன்னத்தையும் வழித்து முடித்துவிட்டு "அப்புறம்?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. "நல்ல எடத்துல நிறுத்திட்டாருங்க" என்று தருமன் காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடி அண்ணாமலையில் அந்தக் கதை தெரியாதவர்கள் கிடையாது. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், சகாதேவன் சைக்கிள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்து சைக்கிள் எடுப்பார்கள். எடுத்த சைக்கிளை எங்காவது சாய்த்துவிட்டு மலையைப் பார்த்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்கள் ஊரில் அப்படி என்னதான் குறை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பிய ஜெர்மன்காரன் ஒருவன் முதுகில் மாட்டும் பையை அவரிடமே விட்டுவிட்டுப் போனான். அதற்கப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை. பாஸ்போர்ட் வாங்கியதைக்கூட வீட்டில் மூச்சுவிடாமல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், பொங்கல் முடிந்த வாரம், விடிவதற்கு முன்னால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கூடத் துணைக்கு ஒருவரும் இல்லை. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க சைக்கிள் சம்பந்தப்பட்டது.

பம்பாயில் கப்பல் ஏறி ஈரானில் இறங்கினார். லாரியிலும் பஸ்ஸிலும், இரண்டும் கிடைக்காதபோது நடந்தும், மூன்று வருஷம் சுற்றினார். ஈரானில் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு டீயை உறிஞ்சுவார்கள் என்று பேரப்பிள்ளைகளுக்கு வெல்லக்கட்டியை வைத்துச் செய்துகாட்டுவார். துருக்கியில் பனி மூடிய ஒரு பெரிய மலையைப் பார்த்ததும் கை தன்னால் கூப்பிக்கொண்டதாம். மலையைக் கண்டால் சுற்றிவருவதுதானே வழக்கம் என்று அதை வலப்பக்கம் வைத்து நடக்க ஆரம்பித்திருக்கிறார். அரை நாள் நடந்தபிறகு துப்பாக்கிக்காரர்கள் பிடித்தார்கள். எதற்காக நடக்கிறாய் என்று கேட்டதற்கு, இவர் மலையைக் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர்கள் வயிறு நிறைய ரொட்டி கொடுத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். "அங்க பாதி கிரிவலம் பாக்கி நிக்குது" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் பையைக் கொடுத்தவன் வீட்டையும் தேடிப் பிடித்துவிட்டார். அவன் அம்மா இவருடைய காலைப் பார்த்துவிட்டுக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தாளாம். கடைசியில் அவங்களுக்கு என்னதான் கொறை என்று கேட்பவர்களுக்கு, "ஒரு கொறையும் இல்ல. குளுரு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்" என்பார்.

எல்லாம் சரி, கடுதாசிதான் ஒன்றும் வந்து சேரவில்லை. எழுதாமல் இல்லை. இந்தியாவுக்குப் போகிறேன் என்று சொல்லி எதிரில் வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றை எழுதிக் கொடுத்தனுப்பினார். இந்தியாவுக்கு வருகிறவன் திருவண்ணாமலைக்கு வராமல் எங்கே போய்விடுவான் என்பது அவர் எண்ணம். அவர்கள் எல்லோரும் கோவாவோடு நின்றுவிட்டார்கள்.

இரண்டரை வருஷம் பார்த்தார்கள். கஸ்தூரிக்குப் போளூரில் மாப்பிள்ளை அமைந்தது. பத்திரிகையில் பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா வேண்டாமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சகாதேவனின் அண்ணன் சக்கரபாணி எதையும் முறையாகச் செய்கிறவர். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசினார். வைக்கோலில் ஓர் உருவம் செய்து அதைத் தம்பியென்று கொளுத்தினார், கருமாதி செய்தார், ஊருக்கே சோறு போட்டார். இருசப்பன் அழுதுகொண்டே கோடி கொண்டுவந்தார். வள்ளியின் தாலியைக் கழற்றினார்கள். அது ஆவணி மாதம். தையில் கஸ்தூரிக்குக் கல்யாணம் நடந்தது. வைகாசியில் ஒரு மத்தியானம், வள்ளி மல்லாட்டை உடைத்துக் கடலையை எடுத்துக்கொண்டிருந்தபோது, சகாதேவன் முதுகுப் பையோடு வாசலில் வந்து நின்றார்.

செத்தவனை எப்படி வீட்டுக்குள் விடுவது என்று சக்கரபாணிக்கு அடுத்த குழப்பம் வந்தது. செத்தவன் திரும்பப் பிறக்க வேண்டும், வேறு வழியில்லை என்று முடிவு செய்தார். தம்பியை முறத்தில் உட்கார வைத்தார்கள். தாடி வைத்த ஐம்பத்தெட்டு வயதுக் குழந்தைக்கு முறம் போதாமல் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தங்கை ஜோதியம்மாள் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்லி, வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டாள். ஒரு படி தவிட்டைக் கொடுத்து வள்ளி குழந்தையை வாங்கிக்கொண்டாள். மறுநாள் கோயிலில் அவளுக்கு மறுபடியும் தாலி கட்டினார். "ஆவணில செத்து வைகாசில பொறந்துட்டான், கணக்கா ஒம்போது மாசம்" என்று ஜோதியம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஊரே சிரித்தது. அம்மாவும் சிரித்ததாகத்தான் கஸ்தூரி இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஜோதியம்மாள் இப்போது எழுந்துவந்து வள்ளியின் பக்கத்தில் குந்தினாள். "இது என்ன அண்ணி பேச்சு? நாலு பேரு பாக்கறாங்க. வாங்கிப் போத்திக்குங்க."

"நீயே சொல்லு ஜோதி. நீதான காதுல பேரு சொன்ன? ஒருத்தன் ரெண்டு தடவ பொறக்கலாம், ரெண்டு தடவ சாவலாம். அதுக்காக நான் ரெண்டு தடவ அறுத்துக்கணுமா?"

ஜோதியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே மேளம் நின்றது. தாமதம் ஏனென்று பார்க்க சக்கரபாணி உள்ளே வந்தார்.

"என்னம்மா இது? பொழுது போவுது. தூக்க வேணாமா?"

கஸ்தூரி தயாரானாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா புருஷனின் அண்ணன் எதிரில் நின்று பேசியதில்லை. அவர் வந்தால் எழுந்து கதவுக்குப் பின்னால் போவாள். சொல்ல வேண்டியதைக் கஸ்தூரியிடம் சொல்வாள், கஸ்தூரி அதைப் பெரியப்பாவிடம் சொல்வாள். இன்றைக்கு அம்மா எழுந்திருக்கவே இல்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தூக்குங்க மாமா. நான் வேணான்னு சொல்லல. கோடி மட்டும் வேணாம். தாலியும் கழட்ட மாட்டேன். அது ரெண்டும் அப்பவே ஆயிப்போச்சு."

சக்கரபாணி தலையை ஆட்டி மறுத்தார். "அது அவன் உசுரோட இருக்கறது தெரியாமப் பண்ணதும்மா. அது செல்லாது."

"செல்லாதா?"

"செல்லாதும்மா. முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல."

அம்மா புடவை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள். பிறகு சத்தமே போடாமல் சொன்னாள்.

"செல்லாதுன்னா அந்த ஒம்போது மாசத்தத் திருப்பிக் குடுங்க மாமா. எம்பொண்ணு கல்யாணத்தத் திருப்பிக் குடுங்க. நான் முன்னாடி நின்னு பாக்கணும்."

வெளியே மேளத்தைத் தீயில் காய்ச்சும் வாசனை உள்ளே வந்தது.

கல்யாணத்தன்று கஸ்தூரி மணையில் உட்கார்ந்து அம்மாவைத்தான் தேடினாள். அம்மா பந்தலில் இல்லை. தாலி கட்டி முடிந்து எழுந்தபோது, வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த நான்கு விரல்கள் தெரிந்தன. அவ்வளவுதான் தெரிந்தது. காலில் விழுந்து கும்பிடலாம் என்று உள்ளே போகப் பார்த்தவளை, நல்ல நேரத்தில் வேண்டாம் என்று யாரோ தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். அவளும் நின்றுவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக அம்மாவும் பெண்ணும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா ஊருக்கெல்லாம் துருக்கி மலையைச் சொன்னாரே தவிர அந்த ஜன்னலைப் பற்றி அவருக்குத் தெரியாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் கஸ்தூரியின் சின்னப் பிள்ளைக்குக் காது குத்து வைத்திருந்தது. இந்தப் புடவை அம்மாவின் தோளில் விழுந்தால் அன்றைக்கும் அம்மா எங்காவது ஒரு ஜன்னலுக்குப் பின்னால்தான் நிற்பாள் என்று அப்போது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

அவள் கதவோரத்தை விட்டு வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அம்மா முன்னாடி நிக்கறது எனக்கும் வேணும் பெரியப்பா" என்றாள்.

சக்கரபாணி பெஞ்சில் கிடத்தியிருந்த தம்பியைப் பார்த்தார். தருமன் செய்த நல்ல சவரத்தோடு சகாதேவன் படுத்திருந்தார். பெரியவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிவிட்ட மனிதர், அந்தத் துண்டைத் திரும்பத் தோளில் போட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இருசப்பா, அந்தப் பொடவைய மடி."

"ஊரு ஒண்ணும் சொல்லாதுங்களா?"

"ஊருக்குத்தான் அன்னிக்கே சோறு போட்டுட்டமே" என்றார் சக்கரபாணி.

முதலில் ஜோதியம்மாள்தான் சிரித்தாள். அது அப்படியே கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று. வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்னவென்று தெரியாமலே சிரிப்பு வந்தது. சக்கரபாணி மட்டும் சிரிக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கருமாதி அன்னிக்கும் யாரும் அந்தப் பேச்ச எடுக்க வேணாம். ஒரு தடவ கழட்டுனது போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இருசப்பன் புடவையை மடித்து வைத்துக்கொண்டு விழித்தார். "கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டானே அக்கா."

"குடு இப்படி. பொங்கலுக்கு எடுத்தாந்த பொடவைன்னு வச்சுக்கறேன். கலரு நல்லாத்தான் இருக்குது."

அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு அம்மா எழுந்து அப்பாவிடம் போனாள். நெற்றியில் ஒட்டியிருந்த பூவிதழை எடுத்தாள். நேற்றிலிருந்து அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, மார் குலுங்க அழுதாள். "அன்னிக்குச் சொல்லாமப் போயிட்டீங்க. எழுப்பியிருந்தா வேணான்னா சொல்லியிருப்பேன்? இன்னிக்கு நானே அனுப்பறேன், போங்க" என்றாள். கஸ்தூரி அவளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். அழுகைக்கு நடுவே, அம்மா கேட்டதைக் கொடுத்துவிட்டார்களே என்ற சந்தோஷமும் இருந்தது. அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

பாடை எழுந்தது. மேளம் முன்பைவிடப் பலமாகக் கேட்டது. இரண்டு பேரப்பிள்ளைகள் பந்தத்தைப் பிடித்துக்கொண்டே ஆடினார்கள், ஒருவரும் அவர்களை அதட்டவில்லை. பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். தெரு கிரிவலப் பாதையில் சேரும் இடத்தில் எல்லோரும் நின்றார்கள். அம்மா எல்லோருக்கும் முன்னால் நின்றாள். பாடை வளைவில் திரும்பிப் புளியமரங்களுக்குள் மறைந்தது.

பாதையோரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் ஊர்வலத்துக்கு ஒதுங்கி நின்றிருந்தான். இருபது வயது இருக்கலாம். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். முதுகில் அவன் தலைக்கு மேல் உயரமான பை. தனியாகத்தான் வந்திருந்தான். அம்மா அவனையே பார்த்தாள். பிறகு பாதையைக் கடந்து அவனிடம் போனாள்.

"வூட்டுக்குக் கடுதாசி போட்டியா?"

பையன் விழித்தான். கஸ்தூரிக்கு ஒரு மாதிரியாக இருந்தது. "அம்மா, அவனுக்கு என்ன தெரியும், வா" என்று கையைப் பிடித்தாள். அம்மா கையை உதறிக்கொண்டு, உள்ளங்கையில் விரலால் எழுதிக்காட்டினாள். தூரத்தை நோக்கிக் கையை வீசிக் காட்டினாள்.

"அம்மா. உங்க அம்மா. அவங்களுக்கு."

அந்த ஒரு வார்த்தை அவனுக்குப் புரிந்தது. முகம் சிவந்துபோய், இல்லையென்று தலையை ஆட்டினான்.

"போடு. இன்னிக்கே போடு."

அம்மா நகராமல் நின்றாள். பையன் சட்டைப் பையில் துழாவி, ஒரு பேனாவை எடுத்து அவளிடம் காட்டினான்.