எட்டு கேமராக்கள்

காலை முழுவதும் முப்பது பேரும் ஜவுளிக்கடை பொம்மைகளைப் போல நின்றார்கள். இசை அதிர்ந்தது, புகை வந்தது, லேசர் சுற்றியது; ஆடத்தான் ஆளில்லை.

மாடல்கள் வேண்டாம், பெர்லினில் வார இறுதி முழுக்க ஆடுகிறவர்களே வேண்டும் என்று விளம்பரப் படம் கேட்ட உடை நிறுவனத்திடம் அடம்பிடித்தவள் நான்தான். ஓர் உண்மையான ஆட்டம் கிடைத்தால் போதும். அந்த அசைவுகளைக் கணினியில் வண்ணமாகக் கரைத்து, என் பெயரில் முதல் படம் செய்துவிடலாம். அந்தப் பழைய ஆலை மாலை ஆறு வரைதான் எங்களுக்கு. ஆட்களைக் கூட்டி வந்த வீப்கே, இருபது வருடமாக ஒரு கிளப்பின் வாசலில் நிற்பவள்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்ன ஆயிற்றோ, ஆடினார்கள். கண்களை மூடிக்கொண்டு, யாரும் யாருக்காகவும் இல்லாமல். நிறுவனத்தின் வெள்ளிச் சட்டைகள் வியர்வையில் முதுகோடு ஒட்டின. தூண்களில் எட்டு கேமராக்கள் தாமாகவே பதிவு செய்துகொண்டிருந்தன. ஆடுகிறவர்கள் தங்களையே பார்த்துக்கொள்ளக் கூடாதென்று, கேமராவில் பதிவாவதைக் காட்டும் திரைகளை அகற்றச் சொன்னதும் நான்தான். பார்க்க ஏதுமில்லாததால் நானும் ஆடினேன்.

ஐந்தரைக்கு முதல் கேமராவைக் கழற்றினேன். லென்ஸின் மேல் ஒரு பச்சை ஒட்டுத்தாள். அடுத்ததிலும். எட்டிலும்.

"நீயா ஒட்டினே?"

வீப்கே ரொட்டியை மென்றபடி தலையாட்டினாள். "சாப்பிட்டு உள்ள வந்தவங்க போன்லல்லாம் ஒட்டினேன். அப்படியே இதுக்கும். கிளப்புல யாரும் படம் எடுக்கக் கூடாதுல்ல, போன் கேமராவை ஒட்டாம நான் யாரையும் உள்ள விட்டதில்லடி."

"படம் எடுக்கத்தானே வந்திருக்கோம், வீப்கே?"

அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "கை தானா போயிடுச்சு," என்றாள். "ஆனா கேமராவுல அது ஒட்டியிருக்கறதைப் பாத்துட்டுத்தான் ஆடினாங்க."

எல்லாவற்றையும் உரித்து, கழற்றியதைத் திரும்ப மாட்டினேன். இன்னொரு முறை ஆடச் சொல்லிக் கேட்டேன். மறுக்காமல் ஆடினார்கள், ஒவ்வொரு சுற்றிலும் கண்கள் தூண்களுக்குப் போய்வந்தன. ஆறு மணிக்குக் காவலாளி விளக்கைப் போட்டார்.

நிறுவனத்திலிருந்து டீலோ அழைத்தான். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். காலையில் எடுத்ததை மதியமே அனுப்பியிருந்தேன். அதை எல்லோரும் பார்த்தாயிற்றாம்.

"பிரமாதம். ஒரு சட்டைகூட கசங்கல. இதுவே போதும், வேற எதுவும் அனுப்பாதே." பிறகு கேட்டான்: "உன் பேரை ஆரம்பத்துலயே பெருசாப் போட்டுரலாமா?"

ஆலை காலியாகிக்கொண்டிருந்தது.

"கடைசியில போடு," என்றேன். "சின்னதா."