பத்தொன்பதாம் வரிசையின் காத்தாயி

ஊசிமலைத் தோட்டத்தில் காத்தாயியைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் அவள் வீட்டைக் காட்டச் சொன்னால் மட்டும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைப் பார்த்தார்கள்.

கிருஷாந்திக்கு முதல் சந்தேகம் அங்கேதான் விழுந்தது.

அவள் ராகலை ஊர்க்காரி. பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவில் சேர்ந்து பதினெட்டு மாதம் ஆகிறது. அவள் கையில் இருந்த நீல அட்டைப் பதிவேட்டில் நாற்பத்திரண்டு வரிசைகள். தோட்டத்துக் குடும்பங்களுக்கு வீடு கட்ட தலா ஏழு பேர்ச் அளவு காணி கொடுக்கப்போகிறார்கள். எந்தத் துண்டு யாருக்கு என்று அதில்தான் எழுதியிருந்தது. உறுதிப் பத்திரம் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு வரிசையையும் ஆளோடும் அடையாள அட்டையோடும் ஒப்பிட்டுப் பிழை திருத்துவது அவள் வேலை. வெள்ளிக்கிழமை பதிவேட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் ஆள் உறுதியாகாத வரிசைக்கு வெட்டுத்தான். துண்டு தோட்டத்துக்கே திரும்பிவிடும்.

திங்கட்கிழமை மாலைக்குள் நாற்பத்தொரு வரிசை சரியாகிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. பத்தொன்பதாம் வரிசை. காத்தாயி, பிறந்த வருடம் 1970, முப்பத்தாறு வருடச் சேவை. அடையாள அட்டை எண் இருக்கவேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது.

வீட்டில் பிடிக்க முடியாதவளை வேலையில் பிடிக்கலாமே?

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு கிருஷாந்தி, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நின்றாள். மூடுபனியில் எதிரே நிற்கும் ஆளின் மூக்குக்கூடத் தெரியவில்லை. இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்கள் வரிசையாக நிற்க, கங்காணி பேர் வாசித்துக்கொண்டே வந்தார்.

"காத்தாயி!"

"இந்தா இருக்கேங்க!"

குரல் வந்த இடத்துக்கு கிருஷாந்தி நேராக நடந்தாள். ஒல்லியான பெண். ஐம்பத்தைந்து வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"நீங்கதான் காத்தாயியா?"

"ஆமாங்க மிஸ்."

"ஐடி இருக்கா?"

"காம்பராவுல இருக்குங்க."

"வாங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம்."

அந்தப் பெண்ணின் கால் நகரவில்லை. பக்கத்தில் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாட்டிக்கிட்டியாடி நாகு!"

நாகுவா?

கேட்காமல் பின்னால் நடப்பதுதான் இந்த மாதிரி நேரத்தில் நல்லது என்று அவளுக்குத் தெரியும்.

ஒற்றையறை வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தில் ஆறாவது காம்பரா. வாசல் சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு; அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். மண்சரிவு ஆபத்து, குடியிருக்கக் கூடாது என்று போன மழைக்கு அதிகாரிகள் வந்து போட்டுவிட்டுப் போனது. தகரப் பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பெண் அட்டையை எடுத்து, முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

நாகலெட்சுமி. பிறந்த வருடம் 1974.

"அப்ப காத்தாயி யாரு?"

"நாந்தாங்க. பெரட்டுல காத்தாயி. வீட்டுல நாகலெட்சுமி."

"ஒரு ஆளுக்கு எப்படிம்மா ரெண்டு பேரு?"

"ஒரு பேரு என்னோடது. ஒரு பேரு அக்காவோடதுங்க."

கிருஷாந்தி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கதை இதுதான். 1989இல் அக்கா காத்தாயிக்குத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். பதிந்த மூன்றாம் மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம். அவள் போய்விட்டாள் என்று சொன்னால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டிலிருந்து பேர் விழுந்துவிடும். விழுந்த இடம் இன்னொரு குடும்பத்துக்குப் போய்விடும். தங்கைக்கோ பேர் பதிய வயது போதாது, பதினைந்துதான். அம்மா யோசித்தாள். மறுநாள் காலை கங்காணி "காத்தாயி" என்று கூப்பிட்டபோது, தங்கை "இந்தா இருக்கேங்க" என்றாள். கங்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், தோட்டத்துக்கே தெரியும். காகிதத்துக்கு மட்டும் தெரியாது. அந்தச் செக்ரோலைப் பார்த்துத்தான் காணிப் பதிவேட்டை எழுதியிருந்தார்கள்.

"எத்தனையோ தடவ மாத்தணும்னு நெனச்சேங்க. கேட்டா உள்ள வேலையும் போயிருமோன்னு பயம்."

அதற்குள் செய்தி எட்டி, ஆண்டியப்பன் மேல்மூச்சு வாங்க ஓடிவந்தார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்.

"இதுக்குப் போயி ஏன் மிஸ் மண்டைய ஒடைச்சுக்கிறீங்க? 'காத்தாயியும் நாகலெட்சுமியும் ஒரே ஆளு'ன்னு ஒரு கடிதம் அடிச்சா முடிஞ்சிச்சு. கையெழுத்து நான் வைக்கிறேன். சீல் கிராம சேவகர் வைப்பாரு."

"ஒரே ஆளா தலைவரே?"

"கடிதத்துலதான்."

"நிஜக் காத்தாயி உயிரோட இருக்காங்கல்ல?"

"அது பாட்டுக்கு நோட்டன் பிரிட்ஜ்ல இருக்கு. இங்க எதுக்கு வரப்போவுது?"

"உறுதிப் பத்திரத்துல பேரு அச்சடிச்சப்புறம், அவங்க ஐடியைத் தூக்கிட்டு வந்து 'நாந்தான் அந்தக் காத்தாயி, எறங்கு கீழே'ன்னா என்ன செய்வீங்க?"

ஆண்டியப்பன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

வழி ஒன்றுதான். அக்காவே வந்து, இந்தத் தோட்டத்தில் வேலை செய்தது நானல்ல, காணியில் எனக்கு உரிமையில்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும்.

"அக்காவோட பேச்சுவார்த்தை இருக்கா?"

நாகலெட்சுமி வெடித்த சுவரையே பார்த்தாள். "எட்டு வருஷமா இல்லைங்க. அம்மா செத்தப்ப அவங்க வந்து சேர நேரமாயிருச்சு. நாங்க அடக்கம் பண்ணிட்டோம். நான் காத்திருக்கலைன்னு கோவம்."

நம்பரை வாங்கி கிருஷாந்தியே அழைத்தாள். மறுமுனையில் கணீரென்ற குரல்.

"யாரு? காணிக் கந்தோரா? ஊசிமலையில என் பேர்ல காணி இருக்கா!"

"ஒரு சின்ன விசாரணை இருக்கும்மா. வியாழக்கிழமை நேர்ல வர முடியுமா?"

"வர முடியுமாவா? காலையில மொத பஸ்ஸுல நிப்பேன்!"

போனின் சத்தம் காம்பரா முழுக்கக் கேட்டது. நாகலெட்சுமி அடையாள அட்டையை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே நாகலெட்சுமி செயலகத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பதினொரு மணிக்குக் காத்தாயி வந்தாள். குண்டான உடம்பு, வாய் நிறைய வெற்றிலை, கையில் மஞ்சள் பை. தங்கையைத் தாண்டி நேராக மேசைக்கு வந்தாள்.

"எங்க மிஸ் என் காணி?"

கிருஷாந்தி பதிவேட்டைத் திறந்து வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். இன்று எழுதிக் கொடுத்தால் வரிசை தங்கை பேருக்குத் திருத்தப்படும். காணி எனக்குத்தான் என்று காத்தாயி நின்றால் விசாரணை இழுக்கும். நாளை வரிசை வெட்டப்படும். இரண்டு பேருக்கும் இல்லை.

காத்தாயி பத்தொன்பதாம் வரிசையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"முப்பத்தாறு வருஷம் சேவையா? அடேயப்பா! மூணு மாசம் கொழுந்து எடுத்ததுக்கு நான் எவ்வளவு பெரிய ஆளாயிட்டேன் பாருங்க." பெஞ்சின் பக்கம் திரும்பாமலே குரலை உயர்த்தினாள். "என் பேர நல்லாத்தான் வச்சிருக்கா. கெடுக்கல."



"எனக்கு எதுக்கு மிஸ் இந்தக் காணி? எழுதுங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

இவ்வளவு சுலபமா? கிருஷாந்தி படிவத்தை எடுத்து வாசித்துக்கொண்டே எழுதினாள். பெயர், முகவரி, அடையாள அட்டை எண். "1989இலிருந்து இன்றுவரை நீங்க வேலை செஞ்ச தோட்டம்? அங்க செக்ரோல்ல உள்ள பெயர்?"

காத்தாயி மெல்லுவதை நிறுத்தினாள்.

"அந்த எடத்த மட்டும் விட்டுருங்களேன்."

"விட முடியாதும்மா. நீங்க இங்க வேலை செய்யலைன்னா வேற எங்கேயோ செஞ்சிருக்கணும். அதுதானே ஆதாரம்."

"நான் சொன்னா பத்தாதா?"

"பத்தாதும்மா."

"அப்ப இது வேணாம் மிஸ்." காத்தாயி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

பெஞ்சிலிருந்து முதல் தடவையாகக் குரல் வந்தது. "விடுங்க மிஸ். அவங்களுக்கு மனசு வரல."

காத்தாயி சட்டென்று திரும்பினாள். "மனசப் பத்தி நீ பேசாதடி! எனக்கு என்ன கஷ்டம்னு உனக்குத் தெரியுமா?"

"சொன்னாத்தானே தெரியும்?"

காத்தாயி சுற்றுமுற்றும் பார்த்தாள். அடுத்த மேசை காலியாக இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். கணீர்க் குரல் காற்றாக இறங்கியது.

"மிஸ், அங்க நான் காத்தாயி இல்ல. பூவாயி."

கிருஷாந்தியின் பேனா நின்றது. "பூவாயி யாரு?"

"எங்க வீட்டுக்காரரோட மொத சம்சாரம். நான் போறதுக்கு ஆறு மாசம் முந்தி காய்ச்சல்ல செத்துப்போச்சு. புள்ளகுட்டி இல்ல. செக்ரோல்ல பேர் மட்டும் வெட்டாம இருந்திருக்கு. கல்யாணத்துக்கு அடுத்த வாரம் மாமியா கூப்பிட்டுச் சொன்னாங்க, 'பெரட்டுல பூவாயின்னு கூப்பிட்டா நீ போ'ன்னு." அவள் லேசாகச் சிரித்தாள். "அந்தக் கணக்குல வார வருஷம் எனக்கு அறுவது. எனக்கு முன்னாடியே எனக்கு வயசாயிருச்சு மிஸ்."

"இது எனக்குத் தெரியாதேக்கா," என்றாள் நாகலெட்சுமி. எட்டு வருடத்துக்குப் பிறகு அவள் வாயில் வந்த 'அக்கா'. இருவருமே அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கிருஷாந்திக்குச் சிரிப்பதா, தலையில் கை வைப்பதா என்று புரியவில்லை. தங்கை அக்காவின் பேரில். அக்கா செத்துப்போன ஒருத்தியின் பேரில். காத்தாயியை இந்த வரிசையிலிருந்து எடுக்க, அவளை அந்தத் தோட்டத்து வரிசையில் காட்டவேண்டும். அங்கே காட்டினால் அது பொய் வரிசை.

விளைவை மறைத்து எழுதவைக்க கிருஷாந்திக்கு மனம் வரவில்லை.

"உள்ளதைச் சொல்லிடறேம்மா. நோட்டன் பிரிட்ஜ் பக்கமும் அடுத்த மாதம் காணிப் பட்டியல் எடுக்கப்போறாங்க. நீங்க எழுதிக் கொடுக்கிறதுல ஒரு பிரதி அந்தப் பக்கத்துக் கந்தோருக்குப் போகும். பூவாயி உயிரோட இல்லைன்னு அதுல இருக்கும். உங்க காணி கேள்விக்கு வரலாம். வராம போகவும் செய்யலாம். எனக்குத் தெரியாது."

காத்தாயி எழுந்தாள். "வெத்தல துப்பிட்டு வர்றேன்."

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம். ஜன்னல் வழியே பார்த்த கிருஷாந்தி திடுக்கிட்டாள். மஞ்சள் பை வாசல் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நாகலெட்சுமியும் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

கேட்டருகே, சாட்சிக்கு வந்திருந்த ஆண்டியப்பன் நின்றிருந்தார். காத்தாயி அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் கையை அகலமாக விரித்துக் காட்டினார், பிறகு விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். காத்தாயி ரோட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மஞ்சள் பை திரும்பியது.

வந்தவள் தங்கையின் முன்னால் போய் நின்றாள்.

"சொவரு வெடிச்சுக் கெடக்குன்னு ஏன்டி சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

"கேட்டாத்தான் சொல்லுவியா? மழை பேஞ்சா மண்ணுக்குள்ளயாடி போவ?" மேசைக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். "எழுதுங்க மிஸ். பூவாயின்னே போடுங்க. நான் வாயத் தொறக்கலைன்னா இவ காணி நாளைக்கே போவுது. தொறந்தா எனக்குப் போனாலும் போவும், நின்னாலும் நிக்கும். என் சொவரு இன்னும் நல்லாத்தான் இருக்கு."

அவள் கையெழுத்துப் போட நேரம் எடுத்தது. "கா"வுக்குப் பிறகு ஒரு தடவை நின்று, நினைவுபடுத்திக்கொண்டுதான் மேலே போனாள்.

ஆண்டியப்பனும் அவரோடு வந்திருந்த, ஆறாம் காம்பராவின் பக்கத்து வீட்டுக்காரர் சோலைமலையும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். மேலதிகாரி இரண்டு தடவை வாசித்தார்; ஒரு தடவை கிருஷாந்தியை நிமிர்ந்து பார்த்தார்; சீல் வைத்தார். பத்தொன்பதாம் வரிசையில் 'காத்தாயி' மேல் சிவப்புக் கோடு விழுந்தது. மேலே நாகலெட்சுமி. வெறுமையாக இருந்த கட்டத்தில் எண். ஓரத்தில் கிருஷாந்தியின் சுருக்கொப்பம், தேதி.

நாகலெட்சுமி மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று அந்த வரியைத் தலைகீழாகவே வாசித்தாள். மை காயும்வரை கண்ணை எடுக்கவில்லை.

"மிஸ்," என்றாள் காத்தாயி. "இங்க என் பேர வெட்டிட்டீங்க. அது இப்ப சும்மாத்தானே கெடக்கு? அத அப்படியே எங்க தோட்டத்துக்கு அனுப்பி விட்டுருங்களேன்."

"பேரை அனுப்ப எங்கிட்ட வழி இல்லம்மா. ஒரு நகல் தர்றேன். கந்தோர்க் கடிதம் தபால்ல போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். அதுக்கு முன்னாடி நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க. அவங்களாக் கண்டுபிடிச்சா அது பொய். நீங்களாச் சொன்னா அது திருத்தம்."

காத்தாயி அந்த வார்த்தைகளை ஒரு நிமிடம் மென்றாள். "அப்ப நாளைக்கே போறேன்."

"நானும் வர்றேன்," என்றாள் நாகலெட்சுமி.

"நீ எதுக்கு? உன் காரியந்தான் முடிஞ்சிருச்சே. வேலைக்குப் போ."

"சாட்சி வேணும்ல? காத்தாயி யாருன்னு அங்க யாருக்குத் தெரியும்?"

காத்தாயி மஞ்சள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

மூன்றே காலுக்கு, நோட்டன் பிரிட்ஜ் போகும் வழியில் ஏறவேண்டிய ஹட்டன் பஸ். கிருஷாந்தி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. நடத்துநர் கத்திக்கொண்டிருக்க, பஸ் படியில் இரண்டு பெண்கள் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒங்க பைக்குள்ள வச்சா வெத்தலக் கறை படும். இங்க குடுங்க."

"எம்பேர் உள்ள கடுதாசி. நாந்தான் வச்சுக்குவேன்!"

"நனையுதுக்கா!"

நகலின் ஒரு நுனி அக்காவின் கையிலும் மறுநுனி தங்கையின் கையிலுமாக, இழுத்துக்கொண்டே இருவரும் உள்ளே ஏறினார்கள்.