இருபத்து மூன்றரைச் சுற்று

முதல் தெரு பூமத்திய ரேகையின் மேல் இருந்தது. அங்கிருந்து வடக்கே ஒன்பதாவது தெரு வட துருவம். தெற்கே ஒன்பதாவது தெரு தென் துருவம். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தால் அரை மணி நேரம். வழியில் பேச ஆள் கிடைத்தால் ஒரு மணி நேரம்.

வெயில் எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவில்தான் கிளம்பியது. முதல் தெருவில் அது நெட்டுக்குத்தாக இறங்கி, விழுந்த இடத்திலேயே குவிந்தது. அங்கே இருப்பவர்கள் பகலில் செருப்பில்லாமல் வாசலுக்கு வரமாட்டார்கள். ஊர் வளைந்து கிடந்ததால் வடக்கே போகப் போக வெயில் சாய்ந்து விழுந்தது. ஒன்பதாம் தெருவுக்கு வரும்போது, ஒரு கரண்டி மாவைக் கல் முழுக்க இழுத்தது போல, ஒரு வீட்டு வெயில் பத்து வீட்டுக்கு நீண்டு மெலிந்துவிடும். வருஷம் முழுக்க அது முழங்காலுக்கு மேல் ஏறியதில்லை. அந்தத் தெருக்காரர்களின் நிழல் ஏழாம் தெரு வரை நீண்டு கிடக்கும். யாராவது மிதித்துவிட்டார்கள் என்று வாரம் ஒரு சண்டை வரும்.

முதல் தெருவில் பிறந்த தங்கபுஷ்பம் வடக்கே ஒன்பதாம் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய இரண்டாவது குழந்தை, பெண், பிறந்த நாலாம் நாள் மஞ்சளாகிவிட்டது. கண்ணின் வெள்ளையும் மஞ்சள். பார்க்க வந்த நர்ஸ், "இளவெயில்ல காட்டுங்க, இறங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தங்கபுஷ்பம் மூன்று நாள் வாசற்படிக்கு உள்ளே நடையில் பாய் போட்டுக் கிடத்தினாள். வெயில் குழந்தை மேல் பட்டது. பட்டதே தவிர ஒட்டவில்லை. அம்மா வீட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்றால், முப்பது நாள் கழியாமல் குழந்தை வாசற்படி தாண்டக் கூடாது. அது அந்த ஊரில் நர்ஸும் மீறாத வழக்கம்.

அவள் கணவன் பொன்னுலிங்கம், வீடு தூக்கும் மேஸ்திரி வேலாண்டியைக் கூட்டி வந்தான். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்ததில் பள்ளமாகிப்போன வீடுகளையெல்லாம் ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கிக் கொடுத்தவர் அவர்.

"தூக்க வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் தங்கபுஷ்பம். "சூரியனுக்கு முகம் காட்டுற மாதிரி சாய்ச்சுக் குடுத்தா போதும்."

"சாய்க்கலாம்மா. ஆனா பக்கத்து வீட்டோட பொதுச்சுவர். ஒண்ணைச் சாய்ச்சா தெருவே கூட வரும்."

தெரு சம்மதித்தது. எல்லோரும் குடத்தையும் சாமி படத்தையும் இறக்கித் தரையில் வைத்தார்கள். நூறு ஜாக்கிகளை ஒரே நேரத்தில் திருகினார்கள். தெருக்கோடியில் பூமியின் அச்சுக்கம்பி நின்றது. அதில்தான் தெருவே கொடி கட்டித் துணி காயப்போடும். பத்தாவது சுற்றில் கம்பியும் சேர்ந்து சாய்ந்தது. ஈரத்துணிகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. இருபத்து மூன்றரையாவது சுற்றில் வெயில் எழும்பி, நடைக்குள் இறங்கி, பாயில் கிடந்த குழந்தையின் நெஞ்சில் விழுந்தது. தங்கபுஷ்பம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

நாலு நாளில் மஞ்சள் இறங்கிவிட்டது. குழந்தையின் கண் வெளுத்ததைப் பார்த்து அவள் சந்தோஷம் தாங்காமல் அழுதாள்.

ஐந்தாம் நாள் அத்தான் வந்தார். அக்கா செண்பகக்கனியை அவருக்குத்தான் தெற்கே கடைசித் தெருவில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நல்ல வெயிலில் அவர் கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

"உங்க தெரு சாஞ்சதுலேருந்து எங்களுக்கு விடியல புஷ்பம்," என்றார். "அன்னைக்குத்தான் அக்காவுக்குப் பையன் பொறந்தான். இன்னைக்குக் காலையில டார்ச் அடிச்சுப் பாத்தோம். மஞ்சளா இருக்கான்."

தங்கபுஷ்பத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் பிள்ளைக்கு வந்த வெயில் யாருடையது என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை. செருப்புப் போடாமல் மேஸ்திரி வீட்டுக்கு ஓடினாள்.

வேலாண்டி வந்து ஜாக்கியை இறக்கப் பார்த்தார். நாலு ஆட்கள் பிடியில் தொங்கிப் பார்த்தார்கள்.

"மரை பூட்டிக்கிச்சும்மா. இனி இது இப்படியேதான் நிக்கும். பூமி சூரியனுக்கு அந்தப் பக்கமாச் சுத்திப் போனதும் வெயில் அவங்களுக்குத் திரும்பிடும். ஆறு மாசம்."

"எங்க தெருவுல மத்தவங்க ஆறு மாசத்துக்கு அலாரம் வச்சுட்டுப் படுத்துட்டாங்க," என்றார் அத்தான்.

"பிள்ளை ஆறு மாசம் தாங்குமா?" என்றாள் தங்கபுஷ்பம். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடையில் நின்றாள். "பிள்ளைதானே வாசற்படி தாண்டக் கூடாது?" என்றாள். "உங்களுது தனி வீடுதானே அத்தான்?"

மறுநாள் அக்காவின் வீடு புறப்பட்டது. உருளைக் கட்டைகளின் மேல் அத்தனை தெருக்களையும் கடந்து வந்தது. தேர் வருகிற நாள் போல ஒவ்வொரு தெருவிலும் மின்கம்பியைக் கழியால் தூக்கிப் பிடித்தார்கள். முதல் தெருவில் அம்மா கூடவே நடந்து, ஜன்னல் வழியாகப் பத்தியச் சோறு கொடுத்தாள். மத்தியானம் வீடு தங்கபுஷ்பத்தின் வாசலுக்கு எதிரே வந்து நின்றது.

கதவைத் திறந்தார்கள். வெயில் படி வரை வந்து நின்றுவிட்டது. உள்ளே ஆறு நாள் இருட்டு அப்படியே தேங்கிக் கிடந்தது. அதற்குள்ளிருந்து குழந்தை சன்னமாக அழுதது.

"அக்கா, பிள்ளை முகத்தை மூடிக்கோ. தூசி பறக்கும்," என்று சொல்லிவிட்டு, தங்கபுஷ்பம் முந்தானையை இடுப்பில் செருகி, விளக்குமாறும் முறமுமாக உள்ளே போனாள்.

அவள் கூட்டி அள்ளித் தந்த இருட்டைப் பொன்னுலிங்கம் அச்சுக்கம்பியின் அடியில் கொண்டுபோய்க் கொட்டினான். ஏழாவது முறத்தில் பையனின் கால் தெரிந்தது. பத்தாவது முறத்தில் முகம் தெரிந்தது. வெயில் படியேறி உள்ளே போய், அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டது.