தேரியில் கண்ட ஈப்புலி

நான் அம்பலவாணன், சர்வே குமாஸ்தா. எனக்கு வாய் முந்தும், ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்த வாயால் ஓர் உயிர் போயிற்று என்பது எனக்கும் ஒரு வைத்தியருக்கும் மட்டுந்தான் தெரியும்.

1909ஆம் வருஷம், பங்குனி மாதம். வள்ளியூருக்குக் கிழக்கே தேரிக்காட்டை அளந்துகொண்டிருந்தோம். கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மணல்; நின்றால் கால் வெந்துபோகும். அந்தச் சூட்டிலும் ஈப்புலிகள் பிழைத்துக் கிடந்தன. வலை கட்டாத சிலந்தி; மணலின் நிறமே அதன் நிறம். நாம் நகர்ந்தால் அதுவும் திரும்பி, முன்னால் உள்ள இரண்டு பெரிய கண்ணால் நம்மையே பார்க்கும். பிறகு ஒரே தாவு. மூன்று நாளாய் வேலையை விட்டு அதைத்தான் வேடிக்கை பார்த்தேன்.

"ஐயா பூச்சியை அளக்கல்லா வந்திருக்காக," என்று சங்கிலி இழுக்கும் பூதத்தான் கேலி செய்தான்.

நாலாம் நாள் காலை, பனைமூட்டில், வேரடியில் சிக்கிய அளவுச் சங்கிலியை மணலுக்குள் கைவிட்டு எடுத்த பூதத்தான் கையை உதறினான். புறங்கையில் பொட்டு ரத்தம். பக்கத்தில் ஓர் ஈப்புலி தாவி ஓடியது.

"ஈப்புலிதாம்லே, பயப்படாத," என்றேன். மணலைக் கிளறிப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்து விஷக்கடி வைத்தியர்கள் கடிபட்டவனைவிடச் செய்தி கொண்டுவந்தவனைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அவன் நிற்கிற திசை, சொல்லுகிற முதல் வார்த்தை, இவற்றை வைத்தே மருந்து முடிவாகும். வேறு யாரும் போய் உளறிவிடக் கூடாதென்று நானே மூன்று மைல் ஓடினேன்.

"என்னத்தைக் கண்டீரு வே?" என்றார் வைத்தியர் ஆவுடைநாயகம்.

"ஈப்புலி. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

சிலந்திக் கடிக்கான பச்சிலையைக் கொடுத்தனுப்பினார். அரைத்துப் பூசினோம். மத்தியானத்துக்குள் முழங்கை வரை வீங்கியது. "பைய வத்திரும்," என்றேன். சாயங்காலம் அவன் ஈறெல்லாம் ரத்தம் கசிந்தது. வைத்தியரைக் கூட்டிவந்தோம். கையைப் பார்த்தவர் என்னைத் தனியே அழைத்தார்.

"சுருட்டை விரியன் வே இது. மணலுக்குள்ள கெடந்திருக்கும். காலையில தெரிஞ்சிருந்தா..."

பாம்புக்கான மருந்தை அப்புறம் கொடுத்தும் நிற்கவில்லை. மறுநாள் உச்சிப்பொழுதில் பூதத்தான் செத்தான்.

காரியம் முடிந்த பிறகு அவன் மனைவி மாரிக்கண்ணு கூடாரத்துக்கு வந்தாள். நிறைமாதம்.

"அந்த வெயில்ல ஓடுனீகளாமே ஐயா. கூடப் பொறந்தவன்கூடச் செய்யமாட்டான். ஆம்பளப் பிள்ளையாப் பொறந்தா ஒங்க பேரை வைக்கட்டுமா?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். தைரியம் வரவில்லை.

"வையி தாயி," என்றேன்.